கள்ளங்கபடமற்ற மலைமக்கள்!

சில சொற்றொடர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. வயதானதால் வரும் கோபம் என்று என் மனைவி சொல்கிறாள், அப்படியே இருக்கட்டும். "கள்ளங்கபடமற்ற மலைமக்கள்" என்பது அந்தச் சொற்றொடர்களில் முதன்மையானது. பத்திரிகைகளில் மலைப் பிரதேசத்தைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது பாராவில் இந்தக் கள்ளங்கபடமற்றவர்கள் தவறாமல் வந்து நின்றுவிடுவார்கள். கையில் ஒரு தேன் குடுவையும் இருக்கும்.

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் தாம் எழுதிய பிரயாணக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்து, "படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்றார். நல்ல மனிதர். ரசிகர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் தங்கி அயர்லாந்து தேசத்தை மூன்று வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்த சூட்டோடு, திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலையில் ஏறி நெல்லிவாசல்நாட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுரை! அயர்லாந்தின் பச்சைப் புல்வெளி, கல் அடுக்கிய வேலிகள், ஓயாத மழைத் தூறல், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் பழைய குடிசைகளின் சோக அழகு. இந்தப் பக்கம் சாமைக் கொல்லை, மூடுபனி, புல் வேய்ந்த வீடு, கள்ளங்கபடமற்ற மலைமக்கள். கடைசி வரியில் ஒரு பிரார்த்தனை: "இந்தச் சொர்க்கத்துக்கு நாகரிகத்தின் தார்ச்சாலை வந்து சேராமல் இருக்க வேண்டுமே!"

"இந்தக் கடைசி வரிக்கு நான் பகிரங்கமாகப் பதில் எழுதப் போகிறேன்" என்றேன்.

"பெயரைப் போடாமல் திட்டுங்கள்" என்று அனுமதி கொடுத்தார். ஆகவே, திட்டுகிறேன்.

அதற்கு முன்னால் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவதுதான் முறை. சுமார் இருபது வருஷங்களுக்கு முன் நானும் ஒரு மலைக்கதை எழுதியிருக்கிறேன். பரண்மேல் நின்று தினைப்புனம் காக்கும் ஒரு பெண். கிளியை ஓட்டும் அவள் குரல். கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு வாலிபன். வாசகர்கள் புகழ்ந்து கடிதம் எழுதினார்கள். மலையை நான் பார்த்தது ரயில் ஜன்னலிலிருந்துதான் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கதையை நெல்லிவாசல்நாட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் படித்துப் பார்க்க நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நேர்ந்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். அவர் பெருமையாக, "சார் பெரிய எழுத்தாளர், நம்ம மலையைப் பற்றிக்கூடக் கதை எழுதியிருக்கிறார்" என்று சொல்லிப் புத்தகத்தையும் நீட்டிவிட்டார். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, "சார், எங்க ஊர்ல தினை இல்ல சார். சாமைதான் போடுவோம்" என்றாள்.

"ஓகோ."

"கிளியும் அவ்வளவா வராது சார். பன்னிதான் வரும். ராத்திரியில வரும். காவலுக்கு எங்கப்பாதான் போவாரு."

நான் எழுதியது அவளுடைய மலையை அல்ல. வள்ளி கதையில் கேட்டதை எடுத்து, ஒரு மலையின்மேல் ஒட்டி வைத்திருந்தேன். இருபது வருஷத்துப் புகழை அந்தப் பெண் இரண்டு வாக்கியத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நெல்லிவாசல்நாடு எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள் திருப்பத்தூரைச் சேர்ந்தவை. 2019ஆம் ஆண்டு வரையில் வேலூர் மாவட்டம். அவ்வருஷம் நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். இங்கே "நாடு" என்றால் தேசமல்ல. சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு வட்டாரம். தனக்கென்று பெரிய மனிதரும் வழக்கமும் உள்ள ஒரு பழைய ஏற்பாடு. வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள், பேசுவது தமிழ்.

இதே மாவட்டத்திலுள்ள ஏலகிரிக்கு "ஏழைகளின் ஊட்டி" என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள். எந்த ஏழை? ஊட்டிக்குப் போகப் பணம் போதாமல் இங்கே காற்று வாங்க வருகிறானே, அந்தக் கீழ்நாட்டு ஏழை! மலையிலேயே பிறந்து மலையிலேயே மடிகிறவன் அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. அவன் காட்சியின் ஒரு பகுதி. மூடுபனியைப் போல, பலா மரத்தைப் போல.

கள்ளங்கபடமற்றவர்கள் என்று சொல்வதும் இந்த ரகம்தான். குழந்தையைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். வளர்ந்த மனிதனைச் சொன்னால், "உனக்கு இன்னும் விவரம் வரவில்லை, உனக்கு எது நல்லது என்று நான் சொல்கிறேன்" என்று அர்த்தம். சாலை வேண்டாம் என்று நண்பர் அவர்களுக்காகத் தீர்மானித்துவிட்டார் அல்லவா, அந்தத் தைரியம் இந்த ஒரு சொல்லிலிருந்து வந்ததுதான்.

அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்து வட ஆற்காடு மான்யுவலில் ஏறி, 1909ஆம் ஆண்டு தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு பாகப் புத்தகத்திலும் இடம் பெற்ற கதை அது. காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். இவர்கள் இகழ்ந்து மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று வைத்துக்கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்தி அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஆண்கள் ஊர் வந்தபோது, அவர்களுக்குக் காரியம் நடந்து முடிந்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே செத்தவர்கள்! சொந்த ஊரில் இடமில்லை. வேடர் குலப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறிக் கொல்லை திருத்தினார்கள்.

இந்தக் கதை சரித்திரமா, இல்லையா என்பது என் விவகாரம் அல்ல. இதில் கள்ளம் இருக்கிறது, கபடம் இருக்கிறது, கர்வம், கொலை, காதல், அவசரம், விதி எல்லாம் இருக்கின்றன. நாவலாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், இதைச் சொந்தக் கதையாகச் சொல்லிக்கொள்ளும் ஜனங்கள் குழந்தைகள் அல்லர். மனித வாழ்க்கையின் கோணல்களை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

சரி, சாலைக்கு வருவோம்.

வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்குள் உயிர் போயிற்று. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மைல் கணக்கில் நடந்து மலை ஏறினாள். நாகரிகத்தின் தார்ச்சாலை வந்து சேராத சொர்க்கம் அது.

அதற்கு முந்தின வருஷம், 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, யுகாதி. புலியூரிலிருந்து சேம்பரைக் கோயிலுக்கு ஒரு சிறு வேனில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு போனார்கள். மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்கள். நண்பர் காரில் போய் வந்ததும் இதே மலைதான். அவருடைய காருக்குப் பாதை இருந்தது. அதற்கு மேல் பாதை வேண்டாம் என்கிறார். தனக்குப் பின்னால் கதவைச் சாத்துவதற்கு ரசனை என்று பெயரா?

"சாலை வந்தால் சாராயம் வரும், சினிமா வரும், பாலிதீன் வரும், கெட்டுப் போவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. நான் அதைச் சிரித்து ஒதுக்கமாட்டேன். வரத்தான் செய்யும். ஆனால் கேடு சாலைக்காகக் காத்திருந்ததாக எங்கே பார்த்தீர்கள்? ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தனக் காடு. திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கின் ஏலம் வியாபாரிகளிடையே பெயர் பெற்றது. கிடங்குக்குப் போன மரம் போக, கள்ளத்தனமாகப் போன மரம் எவ்வளவு? அதை வெட்டச் சொன்னவன் தார்ச்சாலையிலா வந்தான்? ஒற்றையடிப் பாதையில், இருட்டில், முன்பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். சந்தனம் தீர்ந்ததும் செம்மரத்துக்கு ஆள் பிடிக்க வந்தான். ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அந்த மாநிலப் போலீஸார் சுட்டதில் 20 தமிழர்கள் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. கூலிக்குப் போனவன் குண்டடிபட்டான். அனுப்பியவன் சுகமாக இருந்தான்.

திருடனுக்குச் சாலை தேவையில்லை ஐயா! டாக்டருக்கும் வாத்தியாருக்கும்தான் சாலை தேவை.

அந்த மலையில் சாலையே போடத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுவினோம். அவ்வளவு பெரிய கண்ணாடியை அலுங்காமல் குலுங்காமல் மலைமேல் ஏற்ற நமக்குத் தெரிந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை, பெருமைப்படுகிறேன். கோடானு கோடி மைலுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்தை நெருங்கிப் பார்க்கப் பாதை கண்டவர்களுக்கு, பக்கத்து மலைச் சிற்றூரில் பிரசவ வேதனைப்படுகிற பெண்ணிடம் போய்ச் சேரப் பாதை தெரியவில்லையா என்றுதான் கேட்கிறேன். காடு வனத்துறையுடையது, அனுமதி வேண்டும் என்பார்கள். 1882ஆம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டம் காட்டுக்கு வேலி போட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த ஜனங்களுக்கு அங்கே உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டது. முன்னது எழுத்துக்கு எழுத்து அமலாகிறது. பின்னது மனு மனுவாக நகர்கிறது.

இனி, நண்பர் உருகிய அயர்லாந்து.

அந்தச் சுவர் மட்டும் நிற்கும் குடிசைகளின் சோக அழகைப் படம் பிடித்து வந்திருக்கிறார். அவற்றின் கூரை எங்கே போயிற்று? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் பட்டினியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். 10 லட்சத்துக்கு மேல் கப்பல் ஏறிப் போனார்கள். வாடகை கொடுக்க முடியாத குடியானவனை நிலப்பிரபு வெளியேற்றினான். திரும்பி வந்து குடியேறிவிடாதபடி கூரையைப் பிரித்துப் போட்டான். 1841இல் அந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். இன்னமும் அந்த எண்ணிக்கை திரும்பவில்லை. நண்பரை மயக்கிய பசும்புல்வெளியில் கொஞ்சமாவது, மனிதரை விரட்டிவிட்டு மாட்டுக்கு விட்ட நிலம். அழகு பொய் என்று சொல்லவில்லை. அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்காத ரசனை பொய்.

அதே அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் பிளாஸ்கட் என்று ஒரு தீவு. பழைய ஐரிஷ் மொழி அங்கே கலப்பில்லாமல் வழங்கிற்று. மொழிப் பண்டிதர்கள் தேடிப் போனார்கள், தங்கினார்கள், கற்றார்கள், புகழ்ந்தார்கள். அவர்களில் சிலர் செய்த ஒரு நல்ல காரியத்தை மறக்கக் கூடாது. தோமாஸ் ஓ கிரிஹன் என்ற செம்படவரை, "உன் வாழ்க்கையை நீயே எழுது" என்று தூண்டினார்கள். பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே கற்று, தாய்மொழியில் எழுதப் படிக்கப் பெரியவனான பிறகு பழகியவர் அவர். 1929இல் வெளிவந்த அவருடைய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அதில் கள்ளங்கபடமற்ற தீவுமக்கள் கிடையாது. சண்டையும் குடியும் கேலியும் சாவும் உள்ள மனிதர்கள் உண்டு.

ஆனால் தீவுக்குப் பிறகு என்ன நடந்தது? 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இளைஞன் மூளைக்காய்ச்சலில் கிடந்தான். கடல் கொந்தளிப்பால் வைத்தியர் வர முடியவில்லை, செத்தான். அந்த வருஷமே புயலில் உணவு தீர்ந்துபோய்ப் பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். எங்களைக் கரைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று அவர்களாகவே கேட்டார்கள். 1953இல் தீவு காலியாயிற்று. இன்று எதிர்க்கரையில் ஓர் அழகான காட்சிசாலை இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அந்த ஜனங்களின் வாழ்க்கையைப் பார்க்கலாம். ஜனங்கள்தாம் இல்லை.

டாக்டரும் படகும் போகாத சொர்க்கம் கடைசியில் காட்சிசாலையாகத்தான் முடியும். நெல்லிவாசல்நாட்டுக்கும் நண்பர் அதைத்தான் வேண்டிக்கொள்கிறார், தம்மை அறியாமல்.

சாமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிற்று. அதற்கு முன்பே பட்டணத்தில் சர்க்கரை வியாதிக்காரர்களெல்லாம் சாமைச் சோற்றுக்கு மாறிவிட்டார்கள். கண்ணாடித்தாள் பையில், அரிசியைவிடப் பல மடங்கு விலையில் விற்கிறார்கள். விளைவிக்கும் வீட்டில் அன்று எனக்குப் பரிமாறியது ரேஷன் அரிசிச் சோறு. "சாமையை வித்துட்டோம் சார். குத்திப் புடைக்கறதுக்குப் பொம்பளைங்களுக்கு இடுப்பு ஒடியுது, ரேஷன் அரிசி சுலபம்" என்றார் அந்தப் பெண்ணின் தாத்தா. நண்பர் இதைக் கேட்டால், "அடடா, பாரம்பரிய உணவை விட்டுவிட்டார்களே!" என்று வருந்தியிருப்பார். உலக்கை அவர் கையில் இல்லை அல்லவா?

அந்தப் பெரியவரிடம் நண்பருடைய கட்டுரையின் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அவரு சொல்றதுல பாதி நெசம் சார். ரோடு வந்தா எங்க புளியும் தேனும் கீழ போகும். மேல வர்றது இன்னான்னு எங்களுக்கும் பயம்தான். ஆனா அந்தப் பயத்த நாங்க படணும். அவரு எதுக்குப் படறாரு?" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அவர் அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

அழகை ரசிக்காதே என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். மலைவழிப் பிரயாணியைக் கூட்டிக்கொண்டு போகும் பாட்டு அது. அந்தப் புலவனும் அருவியை ரசிக்கிறான். ஆனால் பன்றிக்கு வைத்த பொறியில் காலை விட்டுவிடாதே, புனம் காக்கிறவன் எறியும் கவண் கல்லுக்கு ஒதுங்கிப் போ, வீட்டுக்குள் உறவுக்காரனைப்போல் நுழை என்றெல்லாம் சொல்லித் தருகிறான். அந்த மலை பிறத்தியார் வீடு என்பது அவனுக்குத் தெரியும். நமக்குத்தான் அது காட்சியாகப் போயிற்று.

ஜவ்வாது மலைப் பக்கத்துப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்குப் பிரயாணம் செய்து பரீட்சை எழுதி, 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான செய்தியைப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்தப் பெண் மலையைவிட்டு இறங்கிப் படித்ததால் எந்தச் சொர்க்கம் கெட்டுப்போயிற்று?

நண்பருடைய கட்டுரையைக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். என் பழைய கதையை அப்படி ஒரு வரியால் திருத்த முடியாது. அடுத்த பதிப்பிலிருந்து அதை எடுத்துவிடும்படி பதிப்பாளருக்குக் கடிதம் போட்டாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று அவர் கேட்டிருக்கிறார். பன்றிக் காவலுக்குப் போகும் ஒரு தகப்பனைப் பற்றி எழுதலாம். ஆனால் அதை எழுத வேண்டியவள் நான் அல்ல. அந்தப் பத்தாம் வகுப்புப் பெண். அவளுக்கு ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் எத்தனை நாளில் போய்ச் சேருமோ! அதற்கும் ஒரு சாலை வேண்டும்.